எடுத்து வைத்த அரிசி

இரத்தோட்டை சீலோவாம் மிஷன் பாடசாலையின் வரலாற்றை மானேஜர் ஆசீர்வாதம் மூச்சு வாங்காமல் சொல்லுவார். அவருடைய தகப்பனார் காட்டை வெட்டிக் கல் நாட்டியது அதில் உண்டு. அறுபத்தொன்றில் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது இவர் சிங்கம்போல் நின்று இதைக் காப்பாற்றியதும் உண்டு. கல்விக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார் என்பது ஊர்ப்பேச்சு. வரலாற்றில் அது இல்லை.

'பசித்தோருக்கு அன்னமும் அறிவும்' என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. அன்னம் என்பது மத்தியானக் கஞ்சி. அதற்கு அரிசி மிஷனிலிருந்து வரவில்லை. உலை வைக்குமுன் ஒவ்வொரு தாயும் ஒரு பிடியைத் தகரப்பேணியில் போட்டு வைப்பாள். திங்கட்கிழமை பிள்ளை அதைக் கொண்டுவந்து பாடசாலைப் பெட்டியில் கொட்டும். மானேஜரின் தகப்பனார், பெரிய ஐயா, ஏற்படுத்திய வழக்கம். கடவுளுக்கென்று எடுத்து வைத்ததைத் திரும்பப் பானையில் போடக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். தேயிலைத் தோட்டத்து இந்துத் தாய்மாரும் கடைவீதி முஸ்லிம் தாய்மாரும் கேட்டுக்கொண்டார்கள். எந்தக் கடவுள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

எழுபத்துநாலில் வெள்ளிவிழா வந்தது. பஞ்சமும் அதே ஆண்டைத்தான் தேர்ந்தெடுத்தது. தோட்டத் தொழிலாளரின் லயங்களில் மரவள்ளிக் கிழங்கு கிடைத்த வீடு பணக்கார வீடு. கொழும்பிலிருந்து வரப்போகும் பெரியவர்களுக்கு மஞ்சள் சோறு போடவேண்டுமென்று மானேஜர் கஞ்சியை நிறுத்தி, அரிசியைச் சேர்க்கச் சொன்னார்.

சோறாக்கப் பெரிய கிடாரம் இரவல் கேட்கப் போனபோது கடைக்காரர் ஜமால்தீன் சிரித்தார்.

"அன்னதானம் யாருக்கு ஐயா? கார்ல வாறவங்களுக்கா?"

"விழா முடியட்டும் முதலாளி. பிள்ளைங்க கொஞ்சம் பொறுத்துக்குவாங்க."

"வயித்துக்கும் ஒரு அழைப்பிதழ் அனுப்பிருங்க, பொறுத்துக்கும். இது கந்தூரிக் கிடாரம். இல்லாதவனுக்கு ஆக்கித்தான் இதுக்குப் பழக்கம்."

ஆனாலும் கொடுத்தார்.

தோட்டத்து ராசம்மா பாடசாலை வாசலில் வந்து நின்றாள். ரேசன் அரிசி தீர்ந்த நாட்களில் அவள் மகள் கிருஷ்ணம்மாவுக்குக் கஞ்சிதான் சாப்பாடு.

"எம்புள்ளைக்கு மட்டும் ஒரு கோப்பை காய்ச்சிக் குடுங்கய்யா. பேணி அரிசிய நான் நிறுத்தலீங்க."

"ஒருத்திக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும் ராசம்மா. பாடசாலையோட பேரு இருக்கில்ல?"

பேர் இருந்தது. விழாவன்று மானேஜர் முழங்கினார்: "இந்த மண்டபத்தில் ஒரு பிள்ளையும் பசியோடு உட்கார்ந்ததில்லை!" அன்று அது உண்மைதான். கிருஷ்ணம்மா கால் வீங்கி லயத்தில் படுத்திருந்தாள். பெரியவர்கள் கைதட்டி, சாப்பிட்டு, ஏப்பம் விட்டுக் காரேறினார்கள்.

அந்தக் கிழமை முடியுமுன்பே பிள்ளை போய்விட்டது. வயிற்றோட்டம் என்றார் தோட்டத்து மருந்துக்காரர். பசி என்று எழுத அவருக்கு அனுமதி இல்லை.

அடக்கம் முடிந்த திங்கட்கிழமை ராசம்மா பேணியோடு வந்தாள். மானேஜர் எழுந்து நின்றார்.

"இனி எதுக்கும்மா இது?"

"அவ படுத்திருந்தப்ப எடுத்து வச்சதுங்க."

"வீட்டுல அரிசி இருந்துச்சா? ஐயோ, அவளுக்குக் காய்ச்சிக் குடுத்திருக்கலாமே!"

ராசம்மா அவரை விளங்காமல் பார்த்தாள்.

"எடுத்து வச்சதத் திரும்பப் பானையில போடக் கூடாதுன்னு பெரிய ஐயா சொல்லியிருக்காருங்களே."

மானேஜர் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டார். விழாவுக்காகச் சுரண்டியெடுத்த பெட்டி வெறுமையாகக் கிடந்தது. அவள் பேணியைக் கவிழ்த்தாள். அரிசி பெட்டியின் பலகையில் விழுந்த சத்தம் சட்டென்று முடிந்துவிட்டது. பேணியின் அடியில் ஒட்டியிருந்த மணியையும் விரலால் தடவியெடுத்துப் போட்டுவிட்டு அவள் வெளியே நடந்தாள்.