சகலை வீட்டிலிருந்த நாலு எண்

கண்ணாடிக்காரருக்குப் பாட வராது. இது அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கு அதைவிட நன்றாகத் தெரியும். குளிக்கும்போது வாயைத் திறந்தால் வெளியிலிருந்து கதவைத் தட்டுவாள். கடையில் பாட வழியே இல்லை. கண்ணைக் காட்ட வந்தவருடைய காதைக் கெடுத்து அனுப்பினார் என்ற பழி வந்துவிடும். ஆகவே அவர் வாய்விட்டுப் பாடுவதற்கென்று உலகத்தில் இருந்த ஒரே இடம் அவருடைய கார்தான். வீட்டிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நாற்பது நிமிடம். ஜன்னல்களை ஏற்றிவிட்டு, ரேடியோவை உச்சத்தில் வைத்து, பாடகரோடு பாடகராகக் கலந்துவிடுவார். கடை வாசலில் இறங்கும்போது மனிதர் அவ்வளவு தெளிவாக இருப்பார். அன்றைக்கு எந்தச் சிடுமூஞ்சி வந்தாலும் சிரித்த முகத்தோடு உட்காரவைத்து ஃபிரேம் மாட்டி அனுப்புவார்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது பூட்டு விழுந்திருந்தது.

போன வாரம் பேட்டரி மாற்றினார். மாற்றிய கையோடு ரேடியோவைத் திருகினால், பாட்டு வரவில்லை. ரகசிய எண்ணைப் போடு என்றது சின்னத் திரை. பேட்டரி இணைப்பு விட்டுப்போனால், தன்னை யாரோ திருடிக்கொண்டு போகிறார்கள் என்று அந்தப் பெட்டி முடிவுகட்டிவிடுமாம். எட்டு மாதமாகத் தினமும் கூடவே பாடியவனைத் திருடன் என்று சந்தேகப்படுகிற புத்தியை என்னவென்று சொல்வது? போகட்டும், எண் எழுதிய அட்டை டாஷ்போர்டு அறையில் பத்திரமாக இருந்தது. ஒன்று, ஆறு, ஐந்து, மூன்று.

பெட்டியில் எண் போட்ட பொத்தான்கள் மொத்தமே ஆறு. அவர் போனில் நம்பர் போடுவதுபோல ஒன்று, ஆறு, ஐந்து, மூன்று என்று அழுத்தினார். தப்பு என்றது. மெதுவாக அழுத்தினார், வேகமாக அழுத்தினார், கோபமாகவும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அதற்கப்புறம்தான் கையேட்டை எடுத்துப் படித்தார். நம்ம ஆட்களுக்குக் கையேடு என்பது எல்லாம் கெட்டபிறகு படிக்கிற நூல். முதல் பொத்தான் முதல் எண்ணுக்கு, இரண்டாவது பொத்தான் இரண்டாவது எண்ணுக்கு. வேண்டிய எண் திரையில் வரும்வரை திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும், கடைசியில் ஒரு பெரிய பொத்தானை அழுத்தி முடிக்க வேண்டும். சரி என்று அப்படியே செய்தார். அதற்கும் தப்பு என்றது. நாளுக்கு ஒன்று என்று இன்னும் மூன்று நாள் செய்தார், மூன்று நாளும் தப்பு. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொன்றும் போட்டிருந்தது: பத்துத் தடவை தப்பினால் பெட்டி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், பிறகு எந்த எண்ணுக்கும் திறக்காது. திரையின் மூலையில் எட்டு என்று மின்னிக்கொண்டிருந்தது.

போனில் பாட்டுப் போட்டும் பார்த்தார். அது கொசு பாடுகிற மாதிரி இருந்தது. அதைவிடக் கொடுமை, அவர் குரல் அவருக்கே கேட்டது. பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினால், எட்டு மாதமாகக் கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. கதவு கடகடவென்றது, இருக்கைக்கு அடியில் ஏதோ முனகியது. கடைக்கு வந்தவர்களிடம் வள்ளென்று விழ ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியை வெளியே எடுத்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினார். அதை இழுப்பதற்கென்று தனிக் கொக்கி உண்டு, அவரிடம் இல்லை. ஆனால் பழைய ஃபிரேம்களின் காதுக்கம்பிகள் டப்பா நிறைய இருந்தன. இரண்டை நிமிர்த்தி வளைத்து ஓட்டைகளில் விட்டு இழுத்ததும் பெட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் தலையில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது, அதில் எறும்பு சைசில் வரிசை எண். கடையில் லென்ஸ் பார்க்கிற உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஸ்டிக்கரையும், ரகசிய எண்ணுக்குக் கீழே அதேபோல வரிசை எண் அச்சிட்டிருந்த அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க வாயேன்," என்று மனைவியைக் கூப்பிட்டார். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்தாள். "அட்டையில கடைசி எண் ஏழு. பெட்டியில எட்டு."

"அப்ப இது வேற பெட்டியோட அட்டை."

"அதான் எங்கேயோ மாறிப்போச்சு. அந்தப் பெட்டி எந்த ஊர்ல யார்கிட்ட இருக்கோ..."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு தப்பாகச் சொன்ன பிள்ளையைப் பார்க்கிற பார்வை. "ஏங்க, உங்க வண்டி தனியாவா வந்துச்சு?"

தனியாக வரவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான். ஒரு மருந்துக் கம்பெனி தன்னுடைய பழைய கார்களைத் தள்ளிவிட்டபோது, இரண்டு வெள்ளைக் கார்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தன. ஒன்றை இவர் வாங்குவது, மற்றதை இவர் மனைவியின் தங்கை புருஷன் வாங்குவது என்று பேச்சு. அந்தச் சகலைக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. இரண்டு காருக்கும் ஒரே வித்தியாசம்: ஒன்றில் இருக்கைகளுக்குப் புது உறை தைத்திருந்தார்கள், மற்றதில் பஞ்சு எட்டிப் பார்த்தது. பத்து மணிக்குச் சேர்ந்து போய்ச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பது என்று ஒப்பந்தம். இவர் இரண்டு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சரியாகப் பத்துக்குப் போனால், பஞ்சு எட்டிப் பார்க்கிற கார் மட்டும் நின்றுகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் ஒன்பதுக்கே வந்து மற்றதை ஓட்டிக்கொண்டு போயிருந்தார்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. அக்கா தங்கை இரண்டு பேரும் எப்போதும்போல இருந்தார்கள். மாப்பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே விசேஷத்துக்கு வந்தாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஊரையே மேலே ஏற்றி இறக்குகிற மனுஷன், தான் மட்டும் இறங்கி வரமாட்டேன் என்கிறார் என்று கண்ணாடிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். தான் எத்தனையாவது மாடியில் நிற்கிறோம் என்பதைச் சொல்லவில்லை.

"அந்த வண்டி அட்டை இதுல வந்திருந்தா, இந்த வண்டி அட்டை அங்கதான இருக்கணும்? விக்கும்போது கம்பெனிக்காரன் மாத்தி வச்சிருப்பான்," என்றாள் மனைவி.

"அவர் வண்டியில நல்லாத்தான் பாடும். எண் தப்புன்னா அவருக்கும் தெரிஞ்சிருக்குமே."

"எங்க பாடுது? ஆறு மாசமா ஊமை. வண்டி ஓட்டும்போது பாட்டுக் கேட்டா கவனம் சிதறுதுன்னு சொல்லிட்டுத் திரியறாராம். தங்கச்சி சொன்னா."

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஆள்! முன்பு மாமனாரின் வேனில் எல்லோரும் வெளியூர் போகும்போது, இவர் பாட, டாஷ்போர்டையே மேளமாக அடித்தவர் அவர்தான். சொல்லப்போனால் இவர் பாட்டைக் கேட்டுவிட்டு "இன்னொண்ணு" என்று கேட்ட ஒரே ஜீவன் உலகத்தில் அந்த லிஃப்ட்காரர்தான். அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"நீ போய் அந்த அட்டையை வாங்கிட்டு வந்துடேன்."

"நான் போகமாட்டேன். பெட்டியும் உங்களது, வாயும் உங்களது," என்று மனைவி மிச்சத் துணியைக் காயப்போடப் போய்விட்டாள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று சொல்வார்கள். இவர் நெய் எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தும் வெண்ணெயைக் கடைய ஆரம்பித்தார். வரிசை எண்ணில் ஒன்று கூடுதல் என்றால், ரகசிய எண்ணிலும் ஒன்று கூடுதலாக இருக்கக்கூடாதா? பெட்டியைத் திரும்பச் சொருகி, மனைவி பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒன்று, ஆறு, ஐந்து, நான்கு என்று போட்டார். தப்பு. மூலையில் ஒன்பது மின்னியது.

இனி ஒரே ஒரு தடவைதான். வீறாப்புக்காக ஒரு தடவையை வீணாக்கியதை நினைத்துக் கண்ணாடிக்காரருக்கு வெட்கமாக இருந்தது. சாவியைத் திருப்பி, இரண்டு தெரு தள்ளியிருந்த சகலை வீட்டுக்கு வண்டியை விட்டார்.

லிஃப்ட்காரர் வாசலில் தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னொரு வெள்ளைக் கார் வந்து நிற்பதைப் பார்த்ததும் கையில் இருந்த குழாயை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தன் செருப்பிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க சகலை," என்றார். எட்டு மாதத்தில் முதல் பேச்சு அதுதான்.

கண்ணாடிக்காரர் வழியெல்லாம் ஒரு முன்னுரை தயார் செய்திருந்தார். அது மறந்துபோனது. "உங்க அட்டை என்கிட்ட இருக்கு. என்னுது உங்ககிட்ட இருக்கு," என்று நேராகச் சொல்லி, நடந்ததைச் சொன்னார். ஒன்பதாவது தடவையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

லிஃப்ட்காரர் வாயைப் பிளந்தார். "நானும் நாலு தடவை போட்டுட்டு, பெட்டி போச்சுன்னு விட்டுட்டேன்." ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே ஓடி, தன் வண்டியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு இவர் வண்டிக்குள் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பஞ்சு எட்டிப் பார்க்கிற இருக்கை. அதை ஒரு தடவை குனிந்து பார்த்தார்.

"நான் படிக்கிறேன், நீங்க போடுங்க. ஒண்ணு."

ஒன்று போட்டார்.

"மூணு."

இரண்டாவது பொத்தானை மூன்று தடவை அழுத்தினார்.

"நாலு... ரெண்டு."

போட்டாகிவிட்டது. இனி பெரிய பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கண்ணாடிக்காரர் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, ஒரு நிச்சயத்துக்காகச் சகலை பக்கம் திரும்பினார். லிஃப்ட்காரர் கையை முழுசாக நீட்டி, அட்டையை முன்கண்ணாடியை ஒட்டிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

இருபது வருஷமாகக் கண்ணாடிக்காரர் கடைக்குள் தினமும் வந்து உட்காருகிற கோலம் அது. விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"அதைக் கொடுங்க இப்படி." வாங்கிப் பார்த்தார். அது மூன்று இல்லை. குண்டு குண்டாக எட்டு.

"எத்தனை நாளா இப்படி?"

"எது?"

"கிட்டத்துல இருக்கிறது மங்கலாத் தெரியறது."

"அது... எட்டு ஒம்பது மாசம் இருக்கும். லிஃப்ட்டுல ஒயர் மாத்தறப்ப எல்லாம், மத்தவங்களைத்தான் கலர் பாத்துச் சொல்லச் சொல்றேன்."

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "கரண்ட்டுல கை வைக்கிற ஆள் இப்படியா இருக்கறது? ஊர்ல கண்ணாடிக் கடையா இல்ல? என்கிட்ட வர வேண்டாம், நாலு கடை இருக்குல்ல?"

லிஃப்ட்காரர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சகலை கடை இருக்கும்போது இன்னொருத்தன்கிட்ட போய் எப்படி உக்காருறது? ரெண்டு தடவை வேற கடை வாசல் வரைக்கும் போனேன். மனசு வரல, திரும்பிட்டேன்."

வாசலில் மூடாமல் விட்ட குழாயிலிருந்து தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு ஒம்பதுக்கே போனது தப்புதான்," என்றார் லிஃப்ட்காரர். "அவசர வேலை இருந்துச்சுன்னு ஒரு பொய் தயார் பண்ணி வச்சிருந்தேன். நீங்க கேக்கவே இல்ல. புது சீட்டு மேல ஆசை, அவ்வளவுதான். எட்டு மாசமா அதுல உக்காரும்போதெல்லாம் குத்துது."

"இங்க பஞ்சுதான். குத்தாது," என்றார் கண்ணாடிக்காரர். உடனே, மூன்றாக நின்றதை எட்டாக்குகிற வேலையில் இறங்கினார். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒன்று, எட்டு, நான்கு, இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு பெரிய பொத்தானை அழுத்தினார்.

ஒரு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு கரகரவென்று ஒரு சத்தம். அடுத்து, போன வாரம் எந்தச் சத்தத்தில் விட்டிருந்தாரோ அதே சத்தத்தில் பாட்டு அலறியது. இரண்டு பேரும் இருக்கையில் துள்ளி விழுந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து தங்கை ஓடிவந்து, காருக்குள் இருந்த இரண்டு தலைகளையும் பார்த்தாள். "மாமா!" என்றவள், அடுத்த நொடி உள்ளே போய் அக்காவுக்குப் போன் போட்டாள்.

கண்ணாடிக்காரர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கதவுப் பையில் கையை விட்டார். யாராவது கேட்டால் போட்டுப் பார்க்கக் கொடுப்பதற்கென்று அங்கே இரண்டு மூன்று படிக்கிற கண்ணாடிகள் எப்போதும் கிடக்கும். ஒன்றை எடுத்துத் துடைத்து, கடையில் செய்வதுபோலவே, காது மடலை ஒதுக்கிச் சகலையின் மூக்கில் பதமாக உட்காரவைத்தார்.

"இப்ப படிங்க."

லிஃப்ட்காரர் அட்டையை மார்புக்கு நேரே பிடித்து, "அட, எட்டுதான்!" என்றார். பொத்தான்களைப் பார்த்தார், தன் நகங்களைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கண்ணாடிக்காரரைப் பார்த்தார், பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன சகலை, காதோரம் இவ்ளோ நரைச்சுப்போச்சு உங்களுக்கு?"

"நீங்க பாக்காதப்ப நரைச்சது. நாளைக்குக் கடைக்கு வாங்க, முறையாப் பாத்து எழுதித் தர்றேன்."

"உங்ககிட்ட இருக்கிற அட்டையைக் கொடுங்க, என் பெட்டியையும் திறந்துடுவோம்," என்று இறங்கப்போன லிஃப்ட்காரர், கதவைப் பாதி திறந்தவர், அப்படியே நிறுத்தினார். ரேடியோவில் அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது. கண்ணாடிக்காரர் தன்னை அறியாமல் அதில் நுழைந்துவிட்டிருந்தார். முதல் அடியே சுருதி தப்பியது. இரண்டாவது அடி அதைத் தேடிப் போய் அதுவும் தொலைந்தது. லிஃப்ட்காரர் கதவைச் சாத்திவிட்டு, பஞ்சு இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, டாஷ்போர்டில் தாளம் போட ஆரம்பித்தார். தெருவில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சாத்தப்பட்டது. குழாய் தன்பாட்டுக்கு ஓடியது.

பாட்டு முடிந்தது. கண்ணாடிக்காரர் வெட்கத்தோடு ஓரக்கண்ணால் பார்த்தார்.

மூக்கில் சரிந்த கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு லிஃப்ட்காரர் சொன்னார், "இன்னொண்ணு."