பதினைந்தாவது மூச்சு

குழந்தைகள் காப்பகங்களுக்குத் தரம் போடுவது அவளுடைய வேலை. கை கழுவும் தொட்டி எவ்வளவு உயரம், கதவிடுக்கில் பிஞ்சு விரல் மாட்டுமா, ஓர் ஆயாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று நூற்றிருபது கேள்விகள். சுவரில் ஒட்டிய யானைப் படத்துக்குக்கூட இரண்டு மதிப்பெண் உண்டு.

பிள்ளைகள் தூங்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் மூச்சையும் பார்த்து, தூக்கப் பதிவேட்டில் டிக் போட வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு காப்பகத்தில் மணி ஒன்றரைக்கே மூன்று மணி வரைக்குமான டிக்கைப் போட்டு முடித்திருந்தார்கள். அவள் பார்த்தாள். நல்ல பசி வேறு. ‘பதிவேடு முழுமை’ என்று எழுதி முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்றே வாரத்தில் அங்கே எட்டு மாதக் குழந்தை ஒன்று தூக்கத்திலேயே போய்விட்டது. அவள் போட்ட மதிப்பெண்ணைக் காட்டி எல்லோரும் தப்பித்துக்கொண்டார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

அன்றிலிருந்து எந்தக் காப்பகத்தின் தூங்கும் அறைக்குப் போனாலும் ஒரு மூச்சு கூடுதலாகக் கேட்டது. பத்துப் பிள்ளைகள் என்றால் பதினொரு மூச்சு. கணவனிடம் சொன்னாள்.

“காதை டாக்டர்கிட்ட காட்டு” என்றான் அந்தப் புண்ணியவான்.

இன்று வந்த இடத்தில் பதினான்கு பிள்ளைகள். வாசலில் நின்று எண்ணினாள். பதினான்கு மூச்சு. மறுபடி எண்ணினாள். பதினான்கேதான். அப்பாடா, விட்டுத் தொலைந்தது என்று கண்ணில் நீர் முட்டியது. அந்த நிம்மதியோடு பதிவேட்டைப் புரட்டினாள். மணி ஒன்று இருபது. மூன்று மணி வரை டிக் போட்டிருந்தது.

“எல்லாம் ஒண்ணா எழுந்து அமளி பண்ணும் மேடம், அப்ப எழுத நேரமிருக்காது. அதான் முன்னாடியே…” என்று ஆயா இழுத்தாள்.

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. கூடுதல் மூச்சு போகவில்லை. அது எப்போதும்போல இங்கேதான் இருக்கிறது. அப்படியானால் இந்தப் பதினான்கில் ஒன்று மூச்சு விடவில்லை.

ஓடினாள். போர்வைகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். சுவரோரப் படுக்கையில் ஒரு பெண் குழந்தை, முகத்தில் போர்வை சுற்றி, உதடு நீலமாகக் கிடந்தது. தூக்கிக் கிடத்தி, வாயில் வாய் வைத்து ஊதினாள். நான்கு முறை, ஐந்து முறை. குழந்தை ஒரு வெட்டு வெட்டி, வீறிட்டது. அறையே எழுந்து கூடவே அழுதது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் காப்பகத்தின் நிர்வாகி அவளை ஓரம் கட்டினாள்.

“பிள்ளைதான் பொழச்சிருச்சே மேடம். அந்தத் தாளை மாத்தி வெச்சுடறேன். நீங்கதான் காப்பாத்தினீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

அவள் அந்தத் தாளைப் பதிவேட்டிலிருந்து உருவி, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

குழந்தையின் அம்மா தலைதெறிக்க ஓடி வந்தாள். பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்து, “நீங்க எனக்குத் தெய்வம்க்கா” என்று அழுதாள்.

அந்த வார்த்தையை அவளால் தாங்க முடியவில்லை.

“தெய்வமெல்லாம் இல்லம்மா. இங்க பாக்காமலேயே டிக் போட்டிருக்காங்க. ஆறு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு தாளைப் பாத்துட்டும் நான் முழு மார்க் போட்டேன். அங்க ஒரு குழந்தை செத்துப்போச்சு.”

அம்மா கையை விட்டாள். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அந்தக் குழந்தையோட அம்மாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?”

ஆம்புலன்ஸ் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனது. அவள் அறிக்கையை எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டாள். அந்த இன்னொரு தாயின் விலாசம் ஆறு வருடமாக அவளுக்கு மனப்பாடம். அங்கே போகும் பஸ்ஸில் ஏறினாள்.