பத்துச் சுற்று

தனக்கோடி குடித்துவிட்டுப் பம்ப் கொட்டகையில் விழுந்து செத்தான் என்று மரக்காணம் உப்பளம் முழுக்கப் பேச்சு. முதல்நாள் அவன் புதுச்சேரிக்குப் போய் வந்தது உண்மைதான். பிள்ளைக்கு மருந்து வாங்கப் போனான். மருந்து வாங்கவா அவ்வளவு தூரம் போவான் என்று கேட்டுச் சிரித்த கூட்டம்தான் இது.

கருமாதி முடிந்த கையோடு அவன் பெண்சாதி பாஞ்சாலை, மேஸ்திரி அரசப்பன் முன்னால் போய் நின்றாள். மோட்டாரைச் சோதிக்கச் சொன்னாள். கரண்ட் கசியவில்லை என்றால் தானும் அவனைக் குடிகாரன் என்றே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

ஒயர்மேன் இருதயநாதன் டங் டெஸ்டரோடு வந்தான். ஒயரை அறுக்க வேண்டாம். இடுக்கி மாதிரி வாயைத் திறந்து கவ்வினால் போதும், உள்ளே ஓடும் கரண்டை முள் காட்டிவிடும். அதை வாங்கப் போன அன்று கடையில் அவன் கேட்டது சின்ன அளவுக் கருவியைத்தான். கூடப் போன அரசப்பன் விடவில்லை. உப்பை வண்டி வண்டியாகவே பார்த்துப் பழகிய மனுஷன். பெரியதில் சின்னதும் அடங்கிவிடும் என்று, முன்னூறு ஆம்பியர் வரை அளப்பதை எடுக்க வைத்துவிட்டார்.

மோட்டார் ஓடியது. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ஒயரை டெஸ்டர் கவ்வியது. முள் அசையவில்லை.

அரசப்பன் கெட்டவரில்லை, குத்தலாகவும் பேசவில்லை. வீணாக மோட்டார் மேல் பழி போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். வேடிக்கை பார்த்த பெண்கள் பாத்திக்குத் திரும்பினார்கள். அப்படியானால் நிஜமாகவே குடித்துத்தான் இருந்தானோ? பாஞ்சாலைக்கு அந்த நினைப்பு வந்தே விட்டது.

இருதயநாதன் டெஸ்டரைப் பையில் போடவில்லை. மோட்டாரை நிறுத்தினான். எர்த் ஒயரைக் கழற்றி, நீளமான துண்டு ஒன்றைச் சேர்த்து, டெஸ்டரின் வாய்க்குள் பத்துச் சுற்றுச் சுற்றி, முனையைத் திரும்ப மோட்டாரில் பூட்டினான். இந்தப் பெரிய கருவிக்குச் சின்னக் கசிவு உறைக்காது, பத்துச் சுற்றுச் சுற்றினால் பத்து மடங்காகக் காட்டும் என்றான். மறுபடி சுவிட்சைப் போட்டான்.

முள் எழுந்தது. முப்பதில் போய் நின்றது.

"பத்தால வகுத்தா மூணு. மூணு ஆம்பியர் கசியுது மேஸ்திரி. எர்த் கம்பிய உப்பு அரிச்சிடுச்சு, கரண்டு சரியா மண்ணுல எறங்கல. பியூசும் போவாது. வெறுங்காலோட உப்புத் தண்ணில நின்னு தொட்டா ஆளு அவ்ளோதான்."

அரசப்பன் சுவிட்சைத் தானே அணைத்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பாஞ்சாலையின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

அவள் கிட்டே வந்து, கீழே இறங்கிவிட்ட முள்ளையே பார்த்தாள்.

"மூணுன்னா ரொம்பக் கம்மிதானேங்க?"

"கம்மிதாம்மா. அது போதும்."

அதுவரை சொட்டுக் கண்ணீர் விடாமல் திரிந்தவள் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இவ்ளோ நாள் ஊரோட சண்ட போட்டனே, கடைசில நானும் உன்ன சந்தேகப்பட்டுட்டனே," என்று தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்தச் சத்தம் கேட்டுப் பாத்தியிலிருந்த பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். குடிகாரன் சாவு என்று இழவு வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் அவர்கள். ஒருத்தி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள்.