சப்பறத்தன்று ஒரு பந்தி

இப்போதெல்லாம் உடுவிலில் எந்த வீட்டிலாவது மோதிரம் மாற்றுகிற பேச்சு எழுந்தால், அந்த வீட்டுப் பெண்கள் ஒருமுறை மதுஷாவிடம் வந்து யோசனை கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். மண்டபத்தை முதலில் பிடிப்பதா, படம் எடுப்பவரைப் பிடிப்பதா, கூறைச் சேலைக்கு எப்போது போவது என்று கேட்பார்கள். மதுஷா உடனே வாய் திறக்கமாட்டாள். வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைக்கும்வரை யோசிப்பாள். பிறகு ஒன்றுதான் கேட்பாள்: "ஆர் வராட்டில் உங்களுக்கு அது கலியாணமில்லை? முதல்ல அவையைக் கேளுங்கோ. பிறகு மண்டபத்தைக் கேக்கலாம்."

தன் கலியாணத்தில் அவள் இதைத் தலைகீழாகச் செய்திருந்தாள். செய்திருந்தாள் என்பதைவிட, மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள் என்பதுதான் சரி.

பேசாமல் இருப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். மானிப்பாயில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தால் புத்தகத்தை விரித்துவிடுவாள். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பாள். அவளுடைய அப்பா நதானியேலும் அப்படித்தான். அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரு சொல் இல்லாமல் ஒரு பின்னேரத்தைக் கழித்துவிடுவார்கள். அதில் ஒரு மனத்தாங்கலும் இருக்காது.

ஆனால் கலியாணம் என்று வந்தால் யாராவது கதைக்கத்தானே வேண்டும். அந்த வேலையை யசிந்தா மாமி எடுத்துக்கொண்டாள். நதானியேலின் தங்கை, ரொறன்ரோவில் இருப்பவள். மாப்பிள்ளை ஜெயசுதனின் சம்பந்தம் பேசி முடிந்த அன்றே அவளுடைய குரல்பதிவுகள் போனில் வந்து விழத் தொடங்கின. தை மாதத்திலேயே திகதியும் வைத்தாயிற்று. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை. மாமியின் பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை.

"மதுஷா, உனக்குத் தெரியுமே, ஆகஸ்டில யாழ்ப்பாணத்தில மண்டபம் எடுக்கிறது எவ்வளவு கஷ்டமெண்டு? வெளிநாட்டுச் சனம் முழுக்க அப்பதான் வருது. ஒரு போன்தான் எடுத்தனான். அந்தச் சனி சும்மா கிடக்குதாம்! கடவுள் எங்களுக்கெண்டு ஒதுக்கி வைச்சிருக்கிறார்."

மதுஷா "ம்" என்றாள். அவளுடைய "ம்" எல்லோருக்கும் சம்மதமாகத்தான் கேட்கும். மண்டபத்துக்கு ஒரு "ம்". ஆட்டிறைச்சிப் பிரியாணிக்கு ஒரு "ம்". ரோசாப் பூ வளைவுக்கும் ஒன்று.

ஆடி பிறக்குமுன் அழைப்பிதழ்கள் அச்சாகி வந்தன. முதல் அழைப்பிதழை யாருக்குக் கொடுப்பது என்பதை மட்டும் மதுஷா யாரையும் கேட்கவில்லை. தட்டத்தில் வைத்து எடுத்துக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பக்கத்து வீடு கலா அன்ரியின் வீடு. முழுப் பெயர் உதயகலா. மதுஷாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அம்மா இறந்துபோனாள். அடுத்த திங்கட்கிழமை காலை, ஈரத்தலையும் நெற்றி நிறையத் திருநீறுமாக, கையில் சீப்போடு வந்து நின்றாள் கலா அன்ரி. "பள்ளிக்கூடத்துக்கு இப்பிடியே பரட்டைத் தலையோட அனுப்பப் போறியள், அண்ணை?" என்று நதானியேலைக் கேட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடித்து இருத்தி இரட்டைப் பின்னல் போட்டாள். அது பள்ளிக்கூடம் முடியும்வரை நடந்தது. மதுஷா பெரியபிள்ளையானபோது உழுத்தங்களி கிண்டி, நல்லெண்ணெயை வற்புறுத்திக் குடிக்கவைத்ததும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குச் சட்டை மினுக்கிக் கொடுக்கும் அந்தக் கை, வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலுக்குப் பூக் கொய்யும். இரண்டும் அவளுக்கு ஒரே வாரத்து வேலைகள்.

கலா அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு அழைப்பிதழை வாங்கினாள். பெயர்களை வாய்விட்டு வாசித்தாள். திகதியில் வந்து நின்றாள். எழும்பிச் சுவரில் தொங்கிய கலண்டரைப் புரட்டினாள்.

"அண்டைக்கு நல்லூரில சப்பறமெல்லே பிள்ளை?"

மதுஷாவும் எழும்பிக் கலண்டரை எட்டிப் பார்த்தாள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாக் கொடி ஒவ்வொரு வருடமும் தள்ளித் தள்ளித்தான் வரும். போன வருடம் ஆகஸ்ட் முடியுமுன்பே திருவிழா முடிந்திருந்தது. இந்த வருடம் அது பிந்தி வந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை சப்பறம், மறுநாள் தேர். கொடி ஏறினால் இறங்கும்வரை ஊரில் பாதி வீடுகளில் மச்சம் இல்லை. மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. கலா அன்ரி அந்த நாட்களில் ஒருவேளை மட்டும் சாப்பிடுவாள். இறைச்சி மணக்கிற வீட்டில் தண்ணீர்கூட வாங்கமாட்டாள். மண்டபம் ஏன் சும்மா கிடந்தது என்பது மதுஷாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"நான் கோயிலுக்கு வருவன்," என்றாள் கலா அன்ரி. அவள் சொன்னது உடுவிலின் பழைய மிஷன் தேவாலயத்தை. "முன்னுக்கிருந்து தாலி கட்டுறதைப் பாப்பன். சாப்பாட்டுக்கு நிக்கேலாது. அதுக்கென்ன, பிறகொருநாள் சோறு தா."

"மரக்கறிக்கு ஒரு மேசை புறம்பாப் போட்டால், அன்ரி?"

"ஒரு கூரைக்குக் கீழை இறைச்சி மணக்கேக்கை எனக்குத் தொண்டையில இறங்காது ராசாத்தி. என்னாலை உன்ரை கலியாணத்தில ஒரு குழப்பமும் வேண்டாம்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அழைப்பிதழைத் திரும்ப உறைக்குள் போட அவளுக்குக் கன நேரம் எடுத்தது.

அன்றிரவே மதுஷா யசிந்தா மாமியிடம் சொன்னாள்.

"ஐயோ, ரிக்கற் எல்லாம் எடுத்தாச்சு! இனித் திகதியை அசைக்கேலாது," என்றாள் மாமி. "அவ ஒராள் சாப்பிடாட்டில் என்ன பிள்ளை? ஒரு பாசல் கட்டிக் குடுப்பம்."

இந்த முறை மதுஷா "ம்" சொல்லவில்லை. மாமிக்கு அது விளங்கவில்லை. போன் கோல் வெட்டுப்பட்டதாக நினைத்து வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிச்சயம். மோதிரம் மாற்ற ஜெயசுதன் வீட்டார் மானிப்பாயிலிருந்து வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். ஜெயசுதன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவன். தன் அம்மா பொன்மலருக்குப் பிறஷர் குளிசை வாங்க மருந்துக்கடைக்கு வந்துபோனவன். டொக்டர் எழுதிய குளிசைத் துண்டு மாதத்துக்கு ஒன்றுதான். அவன் வாரத்துக்கு இரண்டு முறை வந்தான். அதைப் பார்த்துத்தான் இந்தச் சம்பந்தமே பிறந்தது. பொன்மலரின் தம்பி றஞ்சித், வெள்ளைச் சேர்ட்டும் பெரிய குரலுமாகக் கதிரையை நிரப்பிக்கொண்டு இருந்தார். யசிந்தா மாமி சுவரோரம் சாத்தி வைத்த போனுக்குள் இருந்தாள். கலா அன்ரியும் அவளுடைய புருசன் சிவசுப்பிரமணியமும் கதவோரக் கதிரைகளில் இருந்தார்கள். தோட்டக்காரரான அவரை ஊரில் மணியத்தார் என்பார்கள்.

போதகர் வருமுன்பே பேச்சு சாப்பாட்டில் போய் நின்றது.

"நதானியேல் அண்ணை, ஆடு ஆரிட்டை சொல்லியிருக்கிறியள்?" என்றார் றஞ்சித். "போன மாசம் ஒரு கலியாணத்துக்குப் போனன். இறைச்சி ரெண்டாம் பந்திக்குக் காணாது. பிறகு பருப்பும் சொதியும். கலியாண வீடோ, செத்தவைக்குப் படைக்கிற அந்திரட்டி வீடோ எண்டு கேட்டுப்போட்டு எழும்பி வந்திட்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். கதவோரத்தில் மணியத்தாரும் மரியாதைக்குச் சிரித்தார். கலா அன்ரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

போதகர் வந்தார். பாட்டும் செபமும் முடிந்தன. மோதிரங்கள் சின்னத் தட்டில் இருந்தன. போதகர் ஜெயசுதனைக் கேட்டார், சம்மதமா என்று. "சம்மதம்" என்றான், கேள்வி முடியுமுன்பே. பிறகு மதுஷாவின் பக்கம் திரும்பினார்.

மதுஷா பேசவில்லை.

அவளுக்கு அது பழகிய இடம்தான். பேச்சில்லாத இடத்தில் அவள் வளர்ந்தவள். ஆனால் மற்றவர்களுக்கு அப்படியில்லை. யாரோ செருமினார்கள். பொன்மலரின் கையில் விசிறிக்கொண்டிருந்த கடதாசி நின்றது. ஜெயசுதனின் முகம் வெளுத்தது. போனுக்குள்ளிருந்து "வீடியோ இறுகிப்போச்சுதோ?" என்று யசிந்தா மாமி கேட்டாள். இத்தனை நாளும் தன் மௌனத்தை எடுத்து மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியதைச் செய்துகொண்டார்கள், அதைக் கொடுத்ததும் தான்தான் என்று மதுஷா நினைத்தாள். நிமிர்ந்தாள்.

"எனக்குச் சம்மதம்," என்றாள். "ஆனா ஒரு கதை சொல்லவேணும். நாங்கள் பிழையான நாளில கலியாணம் வைச்சிட்டம். அண்டைக்கு நல்லூரில சப்பறம். எங்கடை ஒழுங்கையில பாதிச் சனம் விரதம். நாளை மாத்தேலாது. சாப்பாட்டை மாத்தலாம். மண்டபத்தில அண்டைக்கு மச்சமே வேண்டாம். கலா அன்ரி என்ரை அம்மான்ரை இடத்தில இருந்து சாப்பிடவேணும். அவ சாப்பிடாத பந்தியில எனக்கும் சோறு வேண்டாம்."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்!" கலா அன்ரி எழும்பிவிட்டாள். "எனக்காக உதெல்லாம்..."

"வேதக்காரர் வீட்டுக் கலியாணத்தில இறைச்சி இல்லையோ?" றஞ்சித்தின் குரல் வீட்டுக்கு வெளியே போனது. "மானிப்பாய்ச் சனம் எங்களைப் பாத்துச் சிரிக்கும். ஜெயசுதன், என்னடா பாத்துக்கொண்டிருக்கிறாய்? சொல்லன்!"

ஜெயசுதன் மாமாவைப் பார்த்தான்.

"எனக்குச் சம்மதமெண்டு முதலே சொல்லிட்டன், மாமா. அதுக்குள்ளை இதுவும் அடக்கம்."

றஞ்சித் அக்காவின் பக்கம் திரும்பினார். பொன்மலர் கடதாசியால் ஒருமுறை விசிறிக்கொண்டாள்.

"நீ ஆட்டிறைச்சி தின்னுறதுக்கு வருசத்தில வேற நாளே இல்லையோ, தம்பி? உனக்குக் கொழுப்புக் கூட எண்டு டொக்டர் சொன்னதை நான் இதிலை சொல்லவோ?" பிறகு கதவோரம் பார்த்துச் சொன்னாள்: "நீங்கள் இருங்கோ அம்மா. என்ரை மகனுக்குப் பொம்பிளை தாறது நீங்கள்தானாம். நிண்டுகொண்டிருந்தால் எப்பிடி?"

நதானியேல் அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எழும்பினார். கதவோரத்துக் கதிரையைத் தானே தூக்கிவந்து, தன் கதிரைக்குப் பக்கத்தில், அம்மா இருந்திருக்கவேண்டிய இடத்தில் வைத்தார். கலா அன்ரி வந்து இருந்தாள். பிறகுதான் மோதிரம் மாற்றினார்கள்.

யசிந்தா மாமி இரண்டு நாள் கோபமாக இருந்தாள். மூன்றாம் நாள் குரல்பதிவு வந்தது. "மதுஷா, சைவச் சாப்பாடெண்டால் வாழையிலையிலதான் போடவேணும். பிளேட் சரிவராது. நான் எல்லாம் யோசிச்சிட்டன்." அதன் பிறகு அவளை நிறுத்த யாராலும் முடியவில்லை.

மரக்கறிக்குப் பொறுப்பு மணியத்தார். சனி விடியமுன் மருதனார்மடச் சந்தைக்குப் போய், கத்தரிக்காய்க்காரியிடம் காம்பை முகர்ந்து பார்த்துச் சண்டைபிடித்து, லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். மண்டபத்துக் குசினியைக் கழுவி, புதுக் கிடாரம் ஏற்றினார்கள். சமையற்காரர் தலைமுழுகிவிட்டுத்தான் அடுப்பு மூட்டினார்கள்.

விரதத்தால் வரமாட்டோம் என்று முன்பே சொல்லியிருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒழுங்கைச் சனம், மருந்துக்கடைப் பெண்கள், திருநீறும் சந்தனமும் காயாத நெற்றியோடு தோட்டக்காரர்கள். தேவாலயத்தில் பின்வரிசை வாங்குகள் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். பாட்டுத் தெரியாதவர்களும் வாயசைத்தார்கள். தாலி கட்டியபோது மணி அடித்தது. தாய் இருக்கும் முன்வரிசை வாங்கில் கலா அன்ரி மாம்பழ நிறப் பட்டில் நிமிர்ந்து இருந்தாள். அவள் அழவில்லை. பக்கத்திலிருந்த நதானியேல்தான் அழுதார்.

மண்டபத்தில் முதற் பந்தியில் மணமக்களுக்கு நேரெதிரே அவளை இருத்தினார்கள். கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், மோர்மிளகாய், வடை என்று இலை நிறைந்தது. மதுஷா சோற்றில் கைவைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கலா அன்ரி இலையோரம் தண்ணீர் தெளித்தாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். குழம்பும் சோறும் பிசைந்து ஒரு பிடி வாயில் வைத்தாள். விழுங்கினாள். மதுஷாவுக்கு அந்த ஒரு பிடி தன் தொண்டைக்குள் இறங்குவதுபோல இருந்தது.

"என்ன பாக்கிறாய், சாப்பிடன்!" என்றாள் கலா அன்ரி, பள்ளிக்கூடம் போகும் நாட்களின் அதே அதட்டலோடு.

பக்கத்து வரிசையில் றஞ்சித் மூன்றாம் முறையாகக் குழம்பு கேட்டுக்கொண்டிருந்தார். "கத்தரிக்காய்க்கு இறைச்சிக் கறிக்குப் போடுற சரக்குத்தூளைப் போட்டுக் காய்ச்சியிருக்கிறாங்கள், கள்ளர்!" என்று மணியத்தாரிடம் சொன்னார். "அந்திரட்டி வீடு நல்லாயிருக்கோ?" என்று கேட்டுவிட்டு மணியத்தார் அவருடைய இலையில் இன்னொரு வடையைப் போட்டார்.

பாயாச வாளி வந்தது. பரிமாறுகிறவர் கலா அன்ரியின் இலைக்கு மேலே அகப்பையைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். "அம்மா விரதமெல்லோ, காணுமோ?"

"எனக்கு இண்டைக்கு ஒருவேளைச் சாப்பாடு இதுதான்," என்றாள் அவள். "பொம்பிளையின்ரை தாய்க்கு உப்பிடியோ வார்க்கிறது? நிறைய விடும்!"