அதிகாரம் இல்லாத விடுமுறை

எங்கள் கிளை வளாகத்தில் ஒரு மின்விசிறி நின்றுபோனால், அதைக் கழற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு குழு கூட வேண்டும். கூடும். ஆனால் அதற்குள் மழைக்காலம் வந்துவிடும். பல்கலைக்கழகத்தின் தலை அங்கே இருக்கிறது, நாங்கள் வால். வாலுக்குத் தானாக ஆடும் உரிமை கிடையாது.

இந்த வாலின் பொறுப்பு முழுவதும் என் அக்கா புருஷன் தலையில்தான் விடிந்திருந்தது. மாமா நிர்வாக அலுவலர். அவருக்கு மேலே வளாகத் தலைவர் என்று ஒரு நாற்காலி உண்டு. அது காலியாகி நெடுநாளாகிறது, அதை நிரப்பவும் அந்தக் குழுதான் கூட வேண்டும். எதைக் கேட்டாலும் "மேலிடத்துல கேக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே மாணவர்கள் அவருக்கு 'மேலிடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டிலும் அதே கதைதான். ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று அக்கா கேட்டால்கூட அரைநாள் யோசிப்பார். "இவர்கிட்ட கேட்டதுக்குப் போய்ச் சுவத்துல முட்டிக்கலாம்" என்பாள் அக்கா.

நான் அவர்கள் வீட்டில் தங்கி, பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்து, மாலையில் அதே வளாகத்தில் வணிகவியல் படித்தேன். அது கடைசி வருடம். பட்டம் வாங்கினால் கடையின் கணக்குப் பிரிவில் வேலை தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். இல்லையென்றால் ஆயுசு முழுக்க அடுத்தவர் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "தெளிவாத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஏற்கெனவே ஒருமுறை, அப்பா படுத்த படுக்கையானபோது, படிப்பைப் பாதியில் விட்டவள் நான். இன்னொரு முறை விட்டால் மறுபடி தொடமாட்டேன் என்பது எனக்கே தெரியும்.

ஆட்சிக்குழு ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கிளை வளாகத்தில் கூடும். அந்த முறை எங்கள் வளாகம். மாமாவுக்கு ஒரு வாரமாகக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவருக்கு வெள்ளை அடித்தார், உடைந்த பெஞ்சுகளை மொட்டைமாடிக்கு ஏற்றினார், கடைசியில் மாணவர்களையும் அப்புறப்படுத்தினார். கிளை வளாகங்களில் இது எழுதாத சட்டம்: பெரியவர்கள் வரும் நாளில் மாணவர்கள் கண்ணில் படக்கூடாது. முன்பொரு முறை குடிதண்ணீர் வரவில்லை என்று நாலைந்து பேர் துணைவேந்தரின் காரை மறித்துவிட, மாமா வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அதனால் பகல் மாணவர்களை மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பினார். மாலை வகுப்பினரோ வேலை முடிந்து கசங்கிய சட்டையோடு வருகிறவர்கள், வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்துகிறவர்கள். அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அன்று மாலை லீவு என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்.

லீவு என்றாலும் நான் போனேன். வீட்டில் அக்காவின் இரட்டைப் பிள்ளைகள் விழித்திருக்கும்வரை ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாது. காலி வகுப்பறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தபோது மாமா ஓட்டமும் நடையுமாக வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நீ ஏம்மா இங்க வந்தே?"

"படிக்கத்தான். என்ன மாமா ஆச்சு?"

"இன்னைக்கு என்ன பேசப் போறாங்கன்னு இப்பதான் எனக்கே தெரியும். நமக்கு எதையும் முன்னாடி சொல்ல மாட்டாங்களே. மாலை வகுப்பை இங்க மூடிட்டு எல்லாரையும் தலைமை வளாகத்துக்கு மாத்தப் போறாங்களாம். இங்க ஆளே வர்றதில்லைன்னு எவனோ வத்தி வச்சிருக்கான். நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு துணைவேந்தர் அம்மா கூட்டத்துலேருந்து எழுந்து வந்துட்டிருக்காங்க."

வேலை முடிந்து மூன்று மணி நேரம் பயணம் செய்து வகுப்புக்குப் போக எங்களில் யாராலும் முடியாது. மாற்றுவது என்றால் மூடுவது என்றுதான் அர்த்தம், கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

"இன்னைக்கு லீவுன்னு சொல்லிடுங்க மாமா. அதுல என்ன?"

"லீவு விடற அதிகாரம் எனக்கு ஏதும்மா? அதுவும் அவங்ககிட்டதான் இருக்கு. என் பிரமோஷன் வேற பதிவாளர் கையில இருக்கு. வாயைத் திறந்தேன், தொலைஞ்சேன்."

மேற்கொண்டு பேச நேரமில்லை. துணைவேந்தர் உள்ளே வந்தார். நரைத்த முடியைக் கத்தரித்திருந்த, நிதானமான அம்மாள். பின்னால் பதிவாளரும் குழுவினரும். வரிசை வரிசையாகக் கிடந்த காலி பெஞ்சுகளையும் நடுவில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார்கள்.

"நீங்க ஒருத்தர்தானா?" என்றார் துணைவேந்தர். "மத்தவங்க எல்லாம் எங்கம்மா?"

உண்மை நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் வகுப்பு பிழைக்கும், மாமா மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் மாமா தப்பிப்பார், வகுப்பு முழுவதும் நடுத்தெருவில் நிற்கும். மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அந்த நொடியில் அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் அப்பா போன மறுவாரமே வந்து, என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்த மனுஷர் அவர். அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"தெரியலைங்க" என்றேன்.

"அப்ப கிடைச்ச தகவல் சரிதான்" என்றார் பதிவாளர். எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

"இன்னைக்கு லீவு, மேடம்."

மாமாவின் குரல்தான். வீட்டில் பிள்ளைகளை அதட்டும்போதுகூட அவர் குரல் இவ்வளவு பலமாக வந்து நான் கேட்டதில்லை.

"லீவா? யாரைக் கேட்டு விட்டீங்க?" என்றார் பதிவாளர்.

"யாரையும் கேக்கலை சார். நானாத்தான் விட்டேன். நீங்க வர்றப்ப இடம் சுத்தமா, அமைதியா இருக்கட்டும்னு நினைச்சேன். மத்த நாள்ல இங்க உக்கார இடம் இருக்காது. தப்பு என்னோடதுதான், பிள்ளைங்க மேல ஒண்ணும் இல்ல."

பதிவாளர் அசரவில்லை. "அதிகாரம் இல்லாதவர் விட்ட லீவு லீவே கிடையாது. விதிப்படி இன்னைக்கு வகுப்பு உண்டு. வந்தவங்க ஒருத்தர். அப்படித்தான் பதிவாகும்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "அப்படின்னா நான் இப்ப யாருகிட்ட பாடம் கேட்டுட்டிருக்கேன்னும் சேத்துப் பதிவு பண்ணிக்குங்க சார்" என்றேன். "விதிப்படி இங்க ஒரு ஆசிரியரும் இருக்கணுமே?"

துணைவேந்தர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நாளைக்குச் சாயங்காலமும் நான் இங்கதான் இருப்பேன்" என்றார். "வகுப்பு எப்பவும் போல நடக்கட்டும். யாருக்கும் எதுவும் சொல்லி வைக்க வேண்டாம்."

மறுநாள் என்னோடு படிக்கும் நர்ஸ் சீருடை மாற்றாமல் வந்தாள், கையில் மசியோடு அச்சகக்காரர் வந்தார், பஸ் நடத்துநர் வழக்கம்போல் தாமதமாக வந்து வழக்கம்போல் திட்டு வாங்கினார். உட்கார இடமில்லாமல் இரண்டு பேர் சுவரோரம் நின்றார்கள். துணைவேந்தரும் நின்றுகொண்டேதான் பாடம் முழுவதையும் கேட்டார். மாலை வகுப்பு எங்கள் வளாகத்திலேயே தொடரலாம் என்று குழு முடிவு செய்தது.

அதே குழு மாமாவைப் பற்றியும் முடிவு செய்தது. பதவி உயர்வு பரணுக்குப் போனது. இருப்பதிலேயே தொலைவான கிளை வளாகத்துக்கு மாற்றல், உடனே கிளம்ப வேண்டும். மாமா மறுபேச்சுப் பேசவில்லை. எந்தப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அன்றைக்கே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் நர்ஸின் அறையில் பாதியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டேன்.

சாமான் கட்டும் நாளில் அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என் மேல கோபமா அக்கா?" என்று கேட்டேன்.

"நீ அவரைப் போட்டுக் கொடுத்திருந்தா ஜென்மத்துக்கும் உன் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன்டி" என்றாள். "நீ வாயைத் திறக்காம நின்னதாலதான் அவரே சொல்ல வேண்டியதாப் போச்சு. அதுக்கும் கோபம் வருது. நான் என்ன பண்ண?"

இரண்டு கோபமும் நியாயமானவை. பாத்திரங்களைத் துணியில் சுற்றிச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் லாரி கிளம்பிப் போனது. பின்னால் போக வேண்டிய கார் வாசலில் நின்றது. மாமா பிள்ளைகளை ஏற்றி உட்கார வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் தெருவில் நின்று அழுதேன். அவளும் அழுதாள். பிறகு முந்தானையால் முதலில் என் முகத்தையும் அப்புறம் தன் முகத்தையும் துடைத்தாள்.

"மணி என்ன ஆச்சு பாரு" என்றாள். "இங்க நின்னு அழுதுட்டிருக்கத்தான் அவர் இவ்வளவு தூரம் போறாரா? வகுப்புக்கு நேரமாச்சு, போ."