பழப்புளியில் வெளுத்த இரும்பு

சாப்பாட்டு இடைவேளையில் சுலக்ஷன் என் முன்னால் ஒரு துணிப்பொட்டலத்தை வைத்தான். அவிழ்த்துப் பார்த்தேன். துவக்கின் விசையைச் சுற்றி இருக்கிற வளையமும், அதோடு பொருந்துகிற அடித்தகடும். கறுப்பு நிறம் தேய்ந்து, இடையிடையே துரு பிடித்துக் கிடந்தன.

“அண்ணை, இதைக் கறுப்பாக்கித் தாங்கோ. அடுத்த கிழமை ஞாயிறு கழகத்திலை போட்டி இருக்கு.”

சுலக்ஷன் இங்கே ஜெர்மனியில், வுப்பர்டாலில் பிறந்து வளர்ந்த பிள்ளை. என்னைவிட இருபத்தைந்து வயது இளையவன். எங்கள் தொழிற்சாலையில் இரும்பைக் கறுப்பாக்குகிற பகுதிக்கு மேற்பார்வையாளன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடும் கழகத்துக்குப் போவான். அங்கே இருந்த ஒரு கிழவரிடம் பழைய வேட்டைத் துவக்கொன்றை முறைப்படி பதிந்து வாங்கியிருந்தான்.

“மிச்சத் துவக்கு எங்கை தம்பி?”

“வீட்டிலை இரும்புப் பெட்டிக்குள்ளை. குழலை உங்களிட்டைத் தந்தால் ரெண்டு பேரும் கம்பி எண்ண வேண்டியதுதான். இந்தத் துண்டுகளுக்குப் பத்திரம் தேவையில்லை.”

“துவக்குத் திருத்திற ஆளிட்டைக் குடுக்கலாமே?”

“கேட்டனான். அந்தக் கடைக்கார மனிசி ஒரு மாசம், நாலு கிழமை செல்லும் எண்டுறா. இருவது வருசமாக் கறுப்புத் தொட்டியிலை நிக்கிற முருகேசு அண்ணை நீங்கள் இருக்கேக்கை நான் ஏன் அங்கை போய்க் கெஞ்ச வேணும்?”

“அப்ப இஞ்சை தொட்டிக்குள்ளை ஒருக்கா இறக்கி எடுப்பமே?”

“ஐயோ, முதலாளி கண்டால் என்ரை வேலையும் போம். வீட்டிலை வைச்சுச் செய்யுங்கோ. போத்தில் மருந்தும் உள்ளுக்கை இருக்கு.” எழும்பிப் போகும்போது திரும்பிச் சொன்னான்: “சோதனை அறைக் கதிரைக்குத் திங்கக்கிழமை பேர் குடுக்க வேணும். எனக்கு நினைவிருக்கு அண்ணை.”

இரண்டையும் அவன் சேர்த்துச் சொல்லவில்லை. நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

சோதனை அறையில் நிற்கத் தேவையில்லை, கதிரையில் இருந்துகொண்டு வேலை செய்யலாம். கறுப்பாகி வந்த துண்டுகளை விளக்கின் கீழே திருப்பிப் பார்த்து, பிழையானதைப் புறம்பாக வைப்பதுதான் வேலை. அங்கே இருந்த ஜெர்மன்காரி ஓய்வுக்குப் போகிறாள். அந்தக் கதிரையைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் பொதி கட்டுகிற பிளோறன்ஸ் அக்கா, அவவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. மற்றது நான். எனக்கு முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. கொதிக்கிற உப்புத் தொட்டிக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தால், வீட்டுப் படியை ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். இரண்டாம் மாடிக்கு வருவதற்குள் என் மனைவி கமலநாயகி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பாள்.

சுலக்ஷன் என்னை வேலை தெரிந்தவன் என்று நினைத்தான். எனக்குத் தெரிந்தது கூடையை இறக்குவது, மணி அடித்தால் தூக்குவது. எத்தனை நிமிடம், எவ்வளவு சூடு என்பதெல்லாம் பொறி பார்த்துக்கொள்ளும். பஞ்சில் மருந்தைத் தொட்டு இரும்பில் பூசுகிற வேலையை நான் பிறந்ததிலிருந்து செய்ததில்லை.

வியாழக்கிழமை கெல்லரில், கட்டடத்தின் அடியில் இருக்கிற நிலவறையில், சைக்கிள்களுக்கு நடுவில் குந்தியிருந்து துருவைத் தேய்த்தேன். குந்தினால் எழும்ப ஏலாது, எழும்பினால் குந்த ஏலாது. மருந்தைப் பூசினேன். சொறி பிடித்த தோல்போல் திட்டுத் திட்டாக வந்தது. எல்லாவற்றையும் உரசி எடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை திரும்பச் செய்தேன். இம்முறை பரவாயில்லை. தொட்டிக் கறுப்புப்போல் ஆழமாக இல்லை. என்றாலும் தூரத்தில் பிடித்தால் கறுப்புத்தான். எண்ணெய் தடவி, குசினியில் அடுப்புக்குப் பக்கத்து யன்னலோரம் கடதாசியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். சாப்பிட்டேனா என்றுகூட நினைவில்லை.

மறுநாள் சனி, வீட்டில் சரஸ்வதி பூசை. நான் எழும்பி வரும்போது கமலநாயகி தலை தோய்ந்து, படத்துக்கு முன்னால் எல்லாம் அடுக்கிவிட்டாள். அவளுடைய தையல் கத்தரிக்கோல், அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் கதவுத் திறப்புக்கோர்வை, என்னுடைய வேலைக் கையுறை. அதற்குப் பக்கத்தில் வளையமும் தகடும். நடுவில் சந்தனப் பொட்டு. இரண்டும் குத்துவிளக்குப்போல் பளபளவென்று வெள்ளையாக மின்னின.

“இதுக்கு என்ன செய்தனீர்?”

“உங்கட வேலைச் சாமான் எண்டு வைச்சனான். எண்ணெயும் கறுப்புமாக் கிடந்தது. அதை எப்பிடிச் சாமிக்கு முன்னாலை வைக்கிறது? விளக்கோடை சேத்துப் பழப்புளி போட்டு மினுக்கினன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன், வடிவாத்தானே வந்திருக்கு?” என்றாள்.

நான் கதிரையை இழுத்து இருந்தேன். புளி பட்டால் அந்தக் கறுப்பு நிற்காது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

“இஞ்சாருங்கோ, பிழையா?”

“பிழையில்லை. சாம்பிராணியைக் காட்டும்.”

பூசை முடிந்ததும் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, துண்டுகளை எடுத்துக்கொண்டு துவக்குத் திருத்துகிறவளின் கடைக்குப் பஸ்ஸில் போனேன். ஐம்பது வயதிருக்கும், கைவிரல் எல்லாம் கறுத்த ஜெர்மன்காரி. துண்டுகளை விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.

“யார் இதை இப்படி மினுக்கியது?”

“என் மனைவி.”

“நல்ல கை. ஒரு கீறல் இல்லை.” போத்தில் மருந்தால் பூசினேனா என்று கேட்டாள். ஓம் என்றேன். “அது மேலே பூசிய மை. உள்ளே போகாது. தொட்டியில் போட்டால் இரும்பின் மேல்தோலே கறுப்பாக மாறும்.”

இதை அவள் எனக்குச் சொல்லித் தருகிறாள். இருபது வருடமாக அந்த ஆவியைத்தான் நான் விழுங்குகிறேன். அடுத்த கிழமை ஞாயிற்றுக்குள் தர முடியுமா என்று கேட்டேன். சுவரில் இருந்த கலண்டரைக் காட்டினாள். நான்கு கிழமை. சுலக்ஷனுக்குச் சொன்ன அதே நான்கு கிழமை.

போத்திலில் இன்னும் பாதி மருந்து இருந்தது. ஞாயிறு முழுக்க அதைப் பார்த்தேன். கெல்லருக்கு இறங்கவில்லை.

திங்கள் காலையில் பொட்டலத்தை அப்படியே சுலக்ஷனிடம் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவன் தகட்டில் தன் முகத்தைப் பார்த்து, மேசையில் கையால் அடித்துச் சிரித்தான்.

“பழப்புளியோ? அன்ரி என்ரை துவக்கிலை குழம்பு வைச்சிட்டா! சரி அண்ணை, இன்னொருக்காச் செய்யுங்கோவன். ஞாயிறுக்கு நாள் இருக்கு.”

“ஏலாது தம்பி.”

“என்னண்ணை?”

“ஏலாது. செய்தாலும் நிக்காது, எனக்கு அந்த வேலை தெரியாது. தெரிஞ்சவளிட்டைக் குடும். நாலு கிழமை எண்டால் நாலு கிழமை.” போத்தில் மருந்தையும் அவன் முன்னால் வைத்தேன். “கதிரையை இதுக்காகத் தரவேண்டாம். எனக்கு நிக்க ஏலாது, அதுக்காகத் தாரும்.”

அவன் சிரிப்பை நிறுத்தினான். தகட்டைத் துணியில் வைத்தான்.

“அங்கை குறை கண்டால் டொச்சிலை எழுதிக் குடுக்க வேணும் அண்ணை. அதுதான் யோசிச்சனான். பிளோறன்ஸ் அக்கா எழுதுவா.”

“கடதாசியைத் தாரும்.”

குறைப் படிவம் ஒன்றைத் தந்தான். நான் ஐம்பது வயதில்தான் எழுத்துக் கூட்டப் பழகினவன், முதலில் தமிழ், அதற்குப் பிறகுதான் ஜெர்மன்காரரின் டொச்சு. எழுத நேரம் எடுக்கும். துண்டின் பெயர்: விசை வளையம். குறை: கறுப்பு இல்லை. காரணம் என்ற கட்டத்தில் நெடுநேரம் நின்றேன். பழப்புளிக்கு அவர்களின் சொல் தெரியவில்லை. புளிப்பான பழம், வீட்டில் மினுக்கியது என்று எழுதினேன். தீர்வு: தெரிந்தவரிடம் கொடுக்கவும்.

சுலக்ஷன் வாசித்தான். ஒரு சொல்லை வெட்டித் திருத்தினான். “விளங்குது,” என்றான். கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அலுவலகப் பக்கம் போனான்.

புதன்கிழமை பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். பிளோறன்ஸ் அக்காவுக்கு மூன்று நாள். எனக்கு வியாழனும் வெள்ளியும். மற்ற மூன்று நாளும் தொட்டிதான்.

“இதென்ன கோயில் முறையோ, பங்கு பிரிச்சு விட்டிருக்கிறான்?” என்றா பிளோறன்ஸ் அக்கா. அவவுக்கும் முழுதாகக் கிடைக்கவில்லை. இருந்தும் என்னைக் கோபிக்கவில்லை.

வியாழக்கிழமை கதிரையில் இருந்தேன். முழங்கால் நோகத்தான் செய்தது. இருந்துகொண்டு நொந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.