சார்ட் பேப்பர் பரீட்சை

பல் டாக்டரின் பச்சைக் கார் பிரிட்டிஷ்காரன் செய்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் உட்காரலாம்; மூன்றாவதாக ஒரு குடையை வைக்கலாம். அது ஓடியதைவிட அதைப் பற்றி டாக்டர் பேசியது அதிகம். பல் வலியோடு வருகிறவர்கள் வாயைத் திறந்தபடி படுத்திருக்க வேண்டியிருந்ததால் எதிர்த்துப் பேச வழியில்லை. கன்னத்துக்குள் பஞ்சோடு, கார்புரேட்டரின் வரலாறு முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.

அந்தக் கார் எண்ணெய் சொட்டும். டாக்டர் அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ள மாட்டார்.

"சொட்டல. வியர்க்குது. உசுருள்ள வண்டின்னா வியர்க்கத்தான் செய்யும்" என்பார்.

அவர் மனைவி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. தன் சின்னக் காரை நிறுத்துவதற்கென்று ஆசையாக ஷெட்டுக்கு வெள்ளை டைல்ஸ் போட்டார். சிமெண்டு காய்ந்த அன்றே டாக்டர் பச்சைக் காரை அதில் கொண்டுவந்து ஏற்றிவிட்டார். பேராசிரியையின் கார் தெருவில் மரத்தடிக்குப் போனது. மரத்தில் காகங்கள் கூட்டுக்குடும்பம் நடத்தின. தினம் காலையில் பேராசிரியை முதலில் தன் கார்க் கண்ணாடியைக் கழுவுவார். பிறகு ஷெட்டில் மண்டியிட்டு டைல்ஸைத் தேய்ப்பார். பிறகு கல்லூரிக்குப் போய் ஈர்ப்பு விசை பற்றிப் பாடம் எடுப்பார்.

ஒருநாள் துடைக்கிற துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வண்டிக்கு அடியில வெள்ளை சார்ட் பேப்பர் விரிப்பேன். மறுநாள் காலைல எடுத்துப் பார்ப்பேன். ஒரு பொட்டு இருந்தாலும் வண்டி தம்பிக்கு."

தம்பி என்றால் அவருடைய உடன்பிறந்த தம்பி. ஹோட்டல் நடத்துபவர். பச்சைக் காரை ஹோட்டல் வாசலில் நிறுத்திப் பூச்செடி வைக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் கனவு. "இந்த சீட்டுல ஒரு தொட்டி, அந்த சீட்டுல ஒரு தொட்டி மாமா. என்ஜினைக் கழட்டிட்டா எண்ணெய் பிரச்சினையே இல்ல பாருங்க" என்று ஒருமுறை விளக்கியிருந்தார். அன்றைக்கு டாக்டர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

இப்போதும் எழுந்து கத்தியிருக்கலாம். ஆனால் வருமான வரிக்குப் பயந்து வண்டியை மனைவி பேரில் வாங்கியிருந்தார். வரி ஏய்ப்பில் இப்படி ஓர் ஆபத்து இருப்பதை ஆடிட்டர் சொல்லவில்லை.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பது டாக்டருக்குத் தெரியும். ஆயில் ஃபில்டர். அந்தக் காலத்து ஏற்பாடு: ஓர் இரும்புக் குவளை, அதற்குள் காகித வடிகட்டி, ஒரு ஸ்பிரிங், சில வாஷர்கள், எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்க ஒரு நீண்ட போல்ட். எவ்வளவு முறுக்கினாலும் கசியும். இதற்கு மாற்றாக இப்போது ஓர் அடாப்டர் கிடைக்கிறது. அதை என்ஜினில் பூட்டிவிட்டால் இந்தக் காலத்து டப்பா ஃபில்டரைக் கையாலேயே திருகிவிடலாம். டாக்டர் வரவழைத்தார்.

விஷயம் பழைய கார் சங்கத்துக்கு எட்டியதும் 'ஒரிஜினல்' போன் செய்தார். ஓய்வுபெற்ற வக்கீல், சங்கத்தின் தலைவர். தன் காரில் தொழிற்சாலை போட்ட தூசிகூட அப்படியே இருக்கிறது என்று பெருமைப்படுபவர். அதனால் அந்தப் பெயர்.

"டாக்டர், இன்னைக்கு ஃபில்டரை மாத்துவீங்க. நாளைக்கு ஏசி வைப்பீங்க. அப்புறம் அது வண்டியா, ஃபிரிட்ஜா?"

டாக்டர் மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் வீட்டுக்கு வந்து நேரில் பாருங்கள், செய்முறை விளக்கமே தருகிறேன் என்றார். தனியாகச் செய்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் கேட்க ஆளில்லாமல் டாக்டர் பல்கூடத் தேய்ப்பதில்லை.

சங்கம் வந்தது. ஷெட்டில் நாற்காலிகள் போட்டாயிற்று. ஒரிஜினல் வெள்ளைப் பேண்ட்டில் வந்து முன்வரிசையில், என்ஜினுக்கு நேரே அமர்ந்தார். குறை கண்டுபிடிக்க அதுதான் நல்ல இடம்.

டாக்டர் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு போல்ட்டைக் கழற்றினார். ஒவ்வொரு பாகத்தையும் தூக்கிக் காட்டி, பெயர் சொல்லி, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். குவளை, வடிகட்டி, ஸ்பிரிங், வாஷர்கள், போல்ட். பிறகு என்ஜின் பக்கத்தில் குவளை உட்கார்ந்திருந்த வட்டப் பள்ளத்தைத் துடைத்தார். விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுத் தடவினார்.

"சுத்தம். முப்பது வருஷமா பல்லைத் தடவின விரல் இது. இதை ஏமாத்த முடியாது."

"என் கடைவாய்ப் பல்லு விஷயத்துல ஏமாந்துச்சே" என்றார் சங்கத்தின் பொருளாளர்.

"அது உங்க பல்லு மேல தப்பு."

அடாப்டரோடு வந்த புது ரப்பர் வளையத்தைப் பள்ளத்தில் பொருத்தினார். அடாப்டரைப் பூட்டினார். டப்பாவைத் திருகினார். எண்ணெய் ஊற்றினார். பிறகு எழுந்து நின்று, எந்த ஒன்றையும் அடியிலிருந்து சுத்தம் செய்யாமல் மேலே பூசுவதுதான் இந்தச் சமூகத்தின் நோய் என்று ஒரு சிற்றுரை ஆற்றினார். அவருடைய கிளினிக் சுவரிலும் இதே கருத்து, சொத்தைப் பல்லின் படத்தோடு, மாட்டியிருந்தது.

காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் கனைத்து எழுந்தது.

"எண்ணெய் அழுத்தம் காட்டுற முள்ளைப் பாருங்க. எப்படி ஏறுது!"

முள் ஏறியது. ஏறிய வேகத்திலேயே இறங்கியது. டாக்டர் முள்ளைத் தட்டிப் பார்த்தார். அவர் முள்ளைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் புது எண்ணெய் முழுவதும் அடாப்டரின் இடுக்கு வழியாகப் பீய்ச்சி, ஷெட்டின் வெள்ளை டைல்ஸிலும் ஒரிஜினலின் வெள்ளைப் பேண்ட்டிலும் பாகுபாடில்லாமல் இறங்கியது.

என்ஜின் நின்றது. ஒரிஜினல் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் வழுக்கும்.

"டாக்டர், இது வியர்வையா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வாசலில் பேராசிரியை நின்றுகொண்டிருந்தார். தரையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர்போல, துணியில் வரிசையாக இருந்த பாகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"என்னங்க, புதுசா ரப்பர் வளையம் போட்டீங்களே, பழசு எங்க?"

டாக்டர் துணியைப் பார்த்தார். குவளை இருந்தது. ஸ்பிரிங் இருந்தது. வாஷர்கள் இருந்தன. வளையம் இல்லை.

பழைய வளையம் பள்ளத்துக்குள்ளேயே இருந்தது. வெந்து, கறுத்து, இரும்போடு இரும்பாக இறுகிப்போயிருந்தது. அதன்மேல்தான் புதியதை உட்கார வைத்திருந்தார். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால், பூட்டிய மாதிரி இருக்கும்; அழுத்தம் வந்ததும் பிதுங்கிவிடும்.

சங்கம் கால்விரலால் நடந்து கலைந்தது. ஒரிஜினலை அவர் வீட்டில் பொருளாளர் தன் காரில் கொண்டுவிட்டார், சீட்டில் பழைய பேப்பரை விரித்து.

"ஏம்மா, பரீட்சையை அடுத்த வாரத்துக்கு..." என்று டாக்டர் தொடங்கினார்.

"சாயங்காலம் பேப்பர் விரிப்பேன்."

டாக்டர் கிளினிக்குக்குப் போய், பல் சுரண்டுகிற கொக்கியும், வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியும், நெற்றி விளக்கும் எடுத்துவந்தார். எண்ணெயில் மல்லாந்து படுத்து, பழைய வளையத்தைத் துணுக்குத் துணுக்காகப் பெயர்த்தார். பகல் முழுவதும் பெயர்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேராசிரியை இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். இவ்வளவு அமைதியாக வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று.

கடைசியில் பள்ளத்தின் அடியில் நிஜமான இரும்பு பளிச்சென்று தெரிந்தது. புது வளையம் ஒன்று மட்டும் போட்டுப் பூட்டினார். மறுபடி எண்ணெய் ஊற்றி என்ஜினை ஓடவிட்டார். முள் ஏறி நின்றது. அதை அவர் யாருக்கும் காட்டவில்லை. துணியை எடுத்து, டைல்ஸில் எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை மண்டியிட்டுத் தேய்த்தார்.

மறுநாள் காலை பேராசிரியை சார்ட் பேப்பரை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். வெள்ளை.

"பாஸ்" என்றார். "வண்டி தம்பிக்கு இல்ல. இருக்கட்டும். ஆனா ஷெட்டு என்னோடது. உங்க வண்டி மரத்தடிக்குப் போகட்டும்."

டாக்டருக்குச் சொல்ல நிறைய இருந்தது. பழைய பெயிண்ட், வெயில், காகம், மரபு. தரையைப் பார்த்தார், ஷெட்டின் நடுவில் துடைத்தும் போகாத கறுப்பு, ஒரு குட்டித் தீவு அளவுக்கு.

"சரிம்மா" என்றார்.

அதன்பிறகு பச்சைக் கார் ஒரு சொட்டும் விட்டதில்லை. மழைக்காலம் முடிந்து ஒரு காலை ஒரிஜினல் புதுப் பேண்ட்டில் வந்தார். மரத்தடியில் குனிந்து காரின் அடியைப் பார்த்தார். காய்ந்த மண். சந்தேகப்பட்டு, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்த்தார். இருந்தது. முகம் வாடிவிட்டது.

திரும்பும்போது ஷெட்டைக் கடந்தார். பேராசிரியையின் சின்னக் காருக்கு அடியில் பெரிய கறுப்புக் கறை. ஒரிஜினலின் முகம் தெளிந்தது.

"என்ன தங்கச்சி, உங்க வண்டி இப்படி ஒழுகுது?"

பேராசிரியை கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கார்க் கதவைத் திறந்தபடி, தெருப்பக்கம் பார்த்துச் சொன்னார்:

"ஒழுகலண்ணே. வியர்க்குது."

டாக்டர் ஈரத் துணியோடு தன் காரின் கண்ணாடியில் காகம் விட்டுப்போனதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.